நாலு கட்டம், நாலு பேர்

பல்கலைக்கழகத்தின் மொழியியல் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருப்பதுபோல் ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு வைத்த பலகை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். அங்கே வந்து உட்காருகிறவர்களின் தலையில் வலை மாதிரி ஒரு தொப்பியை மாட்டி, தொப்பியின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மழுங்கின ஊசியால் பசை விட்டு, ஒயர்களை ஒழுங்குபண்ணி, தலையை ஆட்ட வேண்டாம், பல்லைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வருவது அவளுடைய வேலை. அதனால் தொப்பியக்கா. அவளுக்குச் சொந்தமாகவும் ஒரு பெயர் இருந்தது. சம்பளம் வருகிற அன்று மட்டும் அது நினைவுக்கு வரும்.

தொப்பி மாட்டினவருக்கு எதிரே ஒரு திரை. அதில் படக்கதை வரும், ஒரு நேரத்துக்கு ஒரு கட்டம்தான். பார்த்து முடித்ததும் பொத்தானை அமுக்கினால் அடுத்த கட்டம். பக்கத்து அறையில் இருக்கிற இன்னொரு திரையில் அவருடைய மூளை அலைகள் வரிவரியாக நெளிந்துகொண்டு போகும். தொப்பியக்கா அங்கே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவர்கள் பட்டப்பகலில் படக்கதை பார்ப்பதற்கா ஒரு பல்கலைக்கழகம் என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. அவள் சிரித்துக்கொள்வாளே தவிர விளக்கம் சொல்ல மாட்டாள். சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது.

விளக்கம் என்னவோ எளிதுதான். பேசிக்கொண்டே போகிற வாக்கியத்தில் சம்பந்தமில்லாத ஒரு சொல் குறுக்கே வந்தால் கேட்கிறவரின் மூளை ஒரு நொடிகூட இல்லை, அதிலும் ஒரு துணுக்கு நேரத்துக்குள் துள்ளிவிடும். அந்தத் துள்ளல் அலையில் தெரியும். படக்கதையில் பொருந்தாத ஒரு கட்டத்தை நுழைத்தாலும் அதே இடத்தில், அதே மாதிரி துள்ளுகிறது. அப்படியானால் படங்களுக்கும் ஏதோ ஓர் இலக்கணம் இருக்க வேண்டும், எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது வரலாம், எது வரக் கூடாது என்று நமக்கே தெரியாமல் நாம் கற்று வைத்திருக்க வேண்டும். இதுதான் பேராசிரியை மேடத்தின் ஆராய்ச்சி. மேடம் தொப்பியக்காவைவிட வயதில் சின்னவள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு அதையே அறையெல்லாம் தேடுகிற ரகம்.

கதைகளைக் குலைத்துத் தருவதும் தொப்பியக்காவின் பொறுப்பு. ஏணியில் ஏறுகிறவன் கீழே விழுகிற கட்டத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு மீன்தொட்டியை வைப்பாள். நாய் துரத்துகிற கதையின் வாலை வெட்டித் தலையில் ஒட்டுவாள். இந்த வேலையில் அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, வீட்டில் அடங்கி ஒடுங்கி இருக்கிற மனுஷிக்கு இப்படி ஒரு இடம் வேண்டும்தானே. ஆனால் அவளுக்கு ரொம்பப் பிடித்தது கட்டங்கள் அல்ல. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விட்டிருக்கிற வெள்ளைக் கோடு. அதைப் பற்றி மேடம் ஒருநாள் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நடுவில ஒண்ணுமே இல்லக்கா. ஆனா அந்த ஒண்ணுமில்லாததுலதான் கதையே நடக்குது. இவன் கையை ஓங்குறான், அடுத்ததுல அவன் கீழ கிடக்கிறான். அடிச்சது எங்க? நம்ம தலைக்குள்ள."

அன்றிலிருந்து அவளுக்கு ஊரே கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், எதிரே போகிற பஸ்ஸின் ஜன்னல்களில் முதலில் ஒரு பெண் கொட்டாவி விடுவாள், அடுத்ததில் ஒருவர் தூங்குவார், அதற்கடுத்ததில் யாரும் இருக்க மாட்டார்கள். அதை ஒரு கதையாகப் படித்துக்கொண்டே தான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். மழை நாளில் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் கடைவிளக்குகள் கரைந்து ஓடும்போது, தானும் யாரோ வரைந்த ஒரு மூலைக் கட்டத்தில் நிற்பதாகவும், பக்கத்தைத் திருப்பாமல் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் தோன்றும். அது அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும். கல்யாணம் அவளுக்குக் கூடிவரவில்லை, அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததும் இல்லை. அண்ணனுக்குக் கூடிவந்தது, அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கல்யாணமாகி ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் இருந்தாள். இவர்கள் இருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கூண்டுக்குள் இருக்கிற ஓட்டுநருக்குக் கை காட்டுவது அவருடைய தொழில். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை என்பதால் எல்லாம் கைதான். வேலையில் வாயே திறக்காத மனுஷர் வீட்டுக்கு வந்தால் மூட மாட்டார். அரசியல், விலைவாசி, மாடிவீட்டுக்காரரின் கஞ்சத்தனம் என்று படுக்கப் போகும்வரை ஓயாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின, பேச்சே போய்விட்டது. அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." சாப்பிட்டாயா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, வீடு பற்றி எரிகிறது என்றாலும் சரி. நாம் சொல்வதில் பாதி அவருக்குப் புரியும், பாதி புரியாது. எந்தப் பாதி என்பது யாருக்கும் தெரியாது.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சில அட்டைகளைக் கொடுத்திருந்தாள். ஓர் அட்டையில் தண்ணீர் டம்ளர், ஒன்றில் கட்டில், ஒன்றில் கழிப்பறை. வேண்டியதை அண்ணன் இடது கையால் தொட்டுக் காட்டினார், தப்பு வரவில்லை. சொல் போனால் என்ன, படம் இருக்கிறதே என்று தொப்பியக்காவுக்கு உயிர் வந்தது. அந்த அறையில் எத்தனை பேர் தலைக்குப் பசை போட்டவள் அவள். படமும் ஒரு மொழிதான் என்பதைக் கண்ணால் கண்டவள்.

இந்தச் சமயத்தில்தான் மகள் போன் பண்ணினாள். அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள். அவள் வீடு தரைத்தளம். சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறைக் கதவை இடித்து அகலப்படுத்தியாகிவிட்டது. வாசலில் மரமும் தெருவும் மனிதர்களும் உண்டு, இங்கே மூன்று மாடிக்கு மேலே அப்பா ஒரு ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். சொன்னதெல்லாம் நியாயம். பகலில் தான் வேலைக்குப் போனபின் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தால்தான் உண்டு என்பதும் தொப்பியக்காவுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் போய்விட்டால் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வரும்போது வீட்டில் ஒரு உயிர் இருக்காது. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை. "அவரையே கேட்டுச் சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கேட்பது எப்படி? வாயால் கேட்டால் சரி என்பார். எதைக் கேட்டாலும் சரி. எனவே அவள் தனக்குத் தெரிந்த மொழியில் கேட்டாள். ஒரு சனிக்கிழமை காலை முழுக்க மேஜைமேல் குனிந்து இரண்டு படக்கதை வரைந்தாள், ஒவ்வொன்றிலும் நாலு கட்டம். முதல் கதையில் அண்ணன் பெட்டியோடு கிளம்புகிறார், ரயிலில் போகிறார், மகள் கதவைத் திறக்கிறாள், மரத்தடியில் உட்காருகிறார். இரண்டாவது கதையில் அண்ணன் இதே வீட்டில் எழுந்திருக்கிறார், ஜன்னல் வழியே பார்க்கிறார், தங்கை டீ கொடுக்கிறாள், கட்டிலில் படுக்கிறார். ஒருபக்கம் சாயக் கூடாது என்று மிகவும் ஜாக்கிரதையாக இருந்தாள். முதல் கதையில் மரத்துக்கு இலை கூடுதலாகவே போட்டாள். எல்லாக் கட்டத்திலும் அண்ணனுக்கு அதே கட்டம்போட்ட சட்டை, அதே மீசை.

இரண்டையும் அண்ணன் மடியில் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையின் விரலை இரண்டாவது கதையின்மேல் வைத்தார், தங்கை டீ கொடுக்கிற கட்டத்தின்மேல். விரலை எடுத்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்தார். அவள் ஓடிப்போய் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அண்ணன் உறிஞ்சிக் குடித்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். இருவரும் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, அது சுவரில் ஏறி மறைகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.

மகளுக்குச் சேதி போயிற்று. போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் அப்பா ஆசைப்பட்டால் அப்படியே இருக்கட்டும் அத்தை என்றாள். தொப்பியக்கா அந்த இரண்டாவது கதையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். வேலைக்குப் போகுமுன் தினமும் அதை ஒருமுறை பார்ப்பாள். அந்த வாரங்களில் அவள் தரையில் நடந்தாளா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான்.

மேடத்துக்கு அப்போது புது யோசனை ஒன்று வந்திருந்தது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் சிறுவயதிலிருந்தே படக்கதை படித்து வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கமே இல்லாதவர்களுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். ஆள் பிடித்து வரச் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் பழக்கடை வைத்திருக்கிற அம்மாவைத் தொப்பியக்கா அழைத்து வந்தாள். அந்தம்மா தலையில் பசை போட விடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டதால், தொப்பியில்லாமல் சும்மா படத்தைக் காட்டிக் கேட்பது என்று முடிவாயிற்று. கதை ரொம்பச் சின்னது. ஒருவன் பந்தை எடுக்கிறான், உதைக்கிறான், பந்து ஜன்னலில் படுகிறது, அவன் ஓடுகிறான்.

அந்தம்மா நாலு கட்டத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். முகத்தில் கொஞ்சமும் குழப்பமில்லை. கேட்டாள்:

"இவங்க நாலு பேரும் அண்ணன் தம்பிங்களாம்மா? ஒரே மாதிரி சட்டை தைச்சுப் போட்டிருக்காங்களே."

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள், அவ்வளவு மகிழ்ச்சி. அந்தம்மாவை வழியனுப்பிவிட்டு வந்து மடைதிறந்த மாதிரி பேசினாள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது அதே ஆள்தான், நேரம்தான் நகர்கிறது என்பது யாருக்கும் பிறவியிலேயே தெரிவதில்லையாம். அதுவும் படித்துப் பழகி வருவதுதானாம். பழக்கம் இல்லாதவர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக நன்றாகவே புரிந்துகொள்வார், ஆனால் நாலு கட்டத்தில் நாலு பேரைப் பார்ப்பார். தனிப்படம் புரிகிறதே என்று நாம் ஏமாந்துவிடக் கூடாதாம். தொப்பியக்கா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். சுருட்டின ஒயரையே மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினாள். அண்ணன் வாழ்க்கையில் ஒரு படக்கதை படித்தவரில்லை. பேப்பரில் படக்கதை போடுகிற மூலை வந்தால், இது எதுக்கு இடத்தை அடைக்குது என்று திட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

அன்று பஸ்ஸில் எதிர்ப்பக்கத்து ஜன்னல்கள் கடந்து போயின. ஒவ்வொன்றிலும் ஒருவர். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் சம்பந்தமில்லை. எல்லாரும் அவரவர் சதுரத்தில் அடைபட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவு முயன்றும் அவளால் அவர்களைக் கோத்து ஒரு கதையாக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் இருந்ததைப் பிய்த்து அண்ணன் மடியில் வைத்தாள். அண்ணன் பார்த்தார், டீ கொடுக்கிற கட்டத்தைத் தொட்டார், தலையைத் திருப்பிச் சமையலறையைப் பார்த்தார். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் குடிப்பதற்குள் அவசர அவசரமாக இன்னொரு கதை வரைந்தாள். அதில் அதே ஆள் டீ குடிக்கிறான், படிக்கட்டில் உருளுகிறான், நாய் கடிக்கிறது, கடலில் விழுகிறான். கதையாகப் படிக்கிற யாரும் அந்த டீயைத் தொட மாட்டார்கள். அதை நீட்டினாள். அண்ணன் உருளுகிறவனையும் நாயையும் கடலையும் அனுதாபத்தோடு பார்த்தார். பிறகு காலிக் கோப்பையை அவளிடம் நீட்டி, டீ குடிக்கிற ஆளைத் தொட்டார்.

"சரி," என்றார்.

அவர் கேட்டது டீ. அன்றும் டீதான் கேட்டிருக்கிறார். வீட்டில் இருக்கட்டுமா, மகளிடம் போகட்டுமா என்று யாரும் அவரைக் கேட்கவே இல்லை. யாரோ சில மீசைக்காரர்களின் படத்தைக் காட்டினார்கள், அதில் டீ குடிக்கிற புண்ணியவானை அவர் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான் விஷயம்.

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரிய வரவும் வழியில்லை. மகள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, அண்ணனுக்குப் பேச வராது, மேடத்துக்கு இவள் வீட்டில் நடப்பது எதுவும் தெரியாது. சும்மா இருந்தால் போதும். அவளும் சும்மாதான் இருந்து பார்த்தாள். பஞ்சு வைத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் வராத நேரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரையில் ஒன்றுமிருக்காது. அவள் மட்டும் அதில் ஒரு வீட்டைப் பார்ப்பாள். ஒரு கட்டத்தில் அண்ணன் ஜன்னலோரம், அடுத்த கட்டத்தில் ஜன்னல் மட்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெள்ளையை அவள் எதையும் போட்டு நிரப்பாமல் அப்படியே வைத்திருந்தாள். மகள் போன் பண்ணினாள். அப்பா அங்கே சந்தோஷமா இருக்காருல்ல அத்தை என்று கேட்டாள். இருக்காரும்மா என்று சொல்லிப் போனை வைத்த பிறகு அந்தப் பதில் அவளுக்கு நாக்கில் கசந்தது. தான் ஒரு திருடி என்றே அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேலிடம் வருவார். அண்ணனோடு வேலை பார்த்த கிரேன் ஓட்டுநர்தான் மேலிடம். கூண்டுக்குள் உயரத்தில் இருந்ததால் அண்ணன் வைத்த பெயர் அது. பேர்தான் மேலிடம், உத்தரவெல்லாம் கீழே நிற்கிற அண்ணனிடமிருந்துதான் போகும். இப்போது மேலிடத்துக்கு முழங்கால் போய்விட்டது, மூன்று மாடி ஏற முடியாது. எனவே தெருவில் நின்றபடியே பழமும் பேப்பரும் ஒரு பையில் போடுவார், தொப்பியக்கா ஜன்னல் வழியாகக் கயிற்றில் அதை மேலே இழுப்பாள். அண்ணன் சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்துகொண்டு இடது கையை ஆட்டிக்கொண்டிருப்பார். கீழே கடைக்காரரின் தகரக் கூரையில் பை இடிக்காமல் இருக்க அந்தக் கை சொன்னபடி அவளும் கயிற்றை இழுப்பாள், விடுவாள். மாதக்கணக்காக இது நடக்கிறது. பாவம், பழைய ஞாபகத்தில் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறும் பை ஏறியது. அவள் கயிறு பாட்டுக்குக் கையில் இருக்க எதையோ நினைத்துக்கொண்டு இழுத்தாள். அண்ணன் உள்ளங்கையைத் தரைபார்க்க நீட்டி, குறுக்கே இழுத்தார். அவள் நிறுத்தினாள். சுட்டுவிரலால் பக்கத்தைக் காட்டினார். அவள் தள்ளினாள். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டார். அவள் இழுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷர் பேசிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பேசியிருக்கிறார், தானும் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு பதில் செய்திருக்கிறாள். தனக்குத் தெரிந்த மொழியை அவர் தலையில் மாட்டப் பார்த்துவிட்டு, அவருடைய மொழி கண்ணெதிரே ஆடியதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

அவள் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் தடதடவென்று படியிறங்கிப் போய் மேலிடத்திடம் கேட்டாள். அவர் நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். தூக்கு, இறக்கு, நிறுத்து, தள்ளு. போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. கடைசியாக ஒன்று காட்டினார். ஒரு கையின் விரலால் வட்டம் போட்டு, மறுகையை அதன்மேல் அசையாமல் பிடித்தார்.

"இது மெதுவா. மெதுவா தூக்கு, மெதுவா இறக்கு, எதுன்னாலும் இப்படித்தான். இதுக்கு மட்டும் ரெண்டு கை வேணும்மா. உங்கண்ணனுக்கு அதான் இப்ப சொல்ல முடியாது," என்றார்.

அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு அவள் மேலே ஓடினாள். கேட்பதானால் இப்போதே கேட்டுவிட வேண்டும், ஆறப்போட்டால் தைரியம் போய்விடும். ஆனால் இந்தத் தடவை அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. பையைத் தொங்கவிட்டுக் கேட்டால், தொங்குகிற சரக்கை இறக்கத்தான் வேண்டும் என்று பழைய தொழில் பழக்கத்தில் கை காட்டிவிட்டால்? ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்பதற்கு முன்னால், பதில் தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவள் தன்னுடைய செருப்பையும் தன்னுடைய சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து, அண்ணன் கண்முன்னால் ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்: பை இறங்கினால் நான் போகிறேன், ஏறினால் இருக்கிறேன். பையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

அண்ணன் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கை விசுக்கென்று வந்தது. நிறுத்து. நிறுத்து. பிறகு விரல் மேலே போய் வேகவேகமாக வட்டம் போட்டது. தூக்கு, தூக்கு, தூக்கு. அவள் பையை உள்ளே இழுத்துப் போட்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. செருப்பை எடுத்து அவள் காலடியில் எறிந்தார்.

அவள் சிரித்தாள், அழவும் செய்தாள். இனிமேல் சந்தேகம் என்று ஒன்றைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பையைக் காலிசெய்து, அண்ணனுடைய சட்டைகளைப் போட்டாள். அவருடைய சவரக் கத்தி, அவருடைய ஒற்றைக் கைத்தடி. அலமாரியின் மேலிருந்து மகளின் படத்தை எடுத்தாள். அதில் மகள் தன் வீட்டு வாசலில், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அதை அவர் கையில் கொடுத்துவிட்டு அவருடைய நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் துடைத்தார். பிறகு அவராகவே அதைப் பையில் போட்டார்.

பை ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. மேலும் இல்லை, கீழும் இல்லை. காற்றில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே மேலிடம் இரண்டு கையையும் ஏந்தி நின்றார். தெருச் சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, அந்தப் பஞ்சு அறைக்குள் இருப்பதுபோல் அவளுக்கு அவள் மூச்சே கேட்டது. தூக்கு என்று சொல்லிவிடேன் அண்ணே என்று மனதுக்குள் கெஞ்சினாள். அதைச் சொல்லிக்கொண்டதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

அண்ணன் கையை நீட்டினார். சுட்டுவிரல் தரையைப் பார்த்தது. சின்னதாக வட்டம் போட்டது.

இறக்கு.

அவள் கயிற்றை விடவில்லை. அப்படியே நின்றாள். கண்ணில் நீர் நிரம்பி அந்த விரல் கலங்கித் தெரிந்தது. அண்ணன் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார், அது மடியில் கிடந்தது. இடது கையை நீட்டி, கயிற்றைப் பிடித்திருந்த அவள் கைகளில் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அவள் கயிற்றை மற்றக் கையில் சுற்றிக்கொண்டாள். எடுத்த கையைத் தன் பக்கம் இழுத்து, காற்றில் விரித்து வைத்து, இங்கேயே இரு என்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். தன் கையை அதற்கு அடியில் கொண்டுபோய், விரலைத் தரைநோக்கி நீட்டி, மறுபடியும் வட்டம் போட்டார்.

அவள் கை அதன்மேல் அசையாமல் நின்றது.

"சரிண்ணே," என்றாள். "மெதுவாவே போலாம்."

கொஞ்சநேரம் கழித்துக் கயிற்றை விட ஆரம்பித்தாள், ஒவ்வொரு பிடியாக.